வெள்ளத்தில் மூழ்கிய மைக்செட்டும் என் கிட்டார் பெடலும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருந்த மைக்செட் அண்ணாச்சியின் குடோனில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் போய் வண்டல் அள்ளினோம். குழல் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், எக்கோ மிக்சர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்குள்ளும் ஆற்று மண். ஒரு ஆம்ப்ளிஃபையரைச் சரித்தபோது அதன் காற்றோட்ட ஓட்டைகள் வழியே சேறு கஞ்சி மாதிரி வழிந்தது. நாற்பது வருஷமாகச் சேர்த்த சாமான்.

"எல்லாத்தையும் இரும்புக்கடைக்குத் தூக்கிரு தம்பி. இத வச்சி இனி என்ன செய்ய" என்றார் அண்ணாச்சி.

"உள்ள இருக்க போர்டுகள மட்டும் நான் எடுத்துக்கிடவா அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எடுத்துக்கோ. ஒனக்குப் பாடுனா சரிதான்."

மைக்செட்காரர்கள் செட் வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டார்கள், செட் பாடுது என்பார்கள். அந்தப் போர்டுகளிலிருந்து கழற்றிய பழைய ஆப்-ஆம்ப் ஐசிகளை (சின்ன சிக்னலைப் பெருக்கித் தரும் சில்லுகளை) வைத்து நான் செய்த கிட்டார் பெடல்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெடல் என்றால் காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. எங்கள் பக்கத்துக் கோவில் கொடைகளில் (திருவிழாக்களில்) மெல்லிசைக் குழுவோடு பல வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறேன். பெடல்களை நானே கட்டிக்கொள்வது அதற்குப் பின்னால் வந்த பழக்கம். பழைய ஐசி என்றால் சத்தமே தனி என்று கிட்டார்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அதில் எது உண்மை, எது வெறும் பேச்சு என்று கையால் தொட்டுப் பார்க்க அந்தச் சேற்றுக் குவியல்தான் வழி செய்தது.

முதலில் கழுவுவதைச் சொல்கிறேன். நிறையப் பேர் தண்ணீர் பட்ட போர்டு என்றால் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் நனைந்த போர்டுக்கு உடனே பெரிய கேடு ஒன்றும் வருவதில்லை. ஈரத்தோடு கரண்ட் ஓடினால் உலோகம் சீக்கிரம் அரித்துப் பச்சை பூக்கும். சேறு காய்ந்து இறுகுவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஒரு கழுவு, மொட்டை மாடியில் நிழலில் நாலு நாள் உலர்த்தல். டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, வால்யூம் கண்ட்ரோல் இவை பெரும்பாலும் தேறவில்லை. கருப்பு பிளாஸ்டிக் ஐசிகள் அனேகமாக எல்லாம் தேறின. சில ஐசிகளின் கால்கள் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. அது வெள்ளி முலாம் கறுத்தது, பயப்பட வேண்டாம். பென்சில் ரப்பரால் இரண்டு தேய் தேய்த்தால் பளிச்சென்று வரும். காலின் அடியில், பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கால் இன்றோ நாளையோ முறியும்.

எதில் எது கிடைக்கும் என்பதற்கு என் அனுபவம் இது. பழைய பெரிய ஆம்ப்ளிஃபையர்களில் ஐசியே இல்லை, 2என் 3055 மாதிரி டிரான்சிஸ்டர்கள்தான். எக்கோ மிக்சரில் ஜேஆர்சி 4558 என்ற ஆப்-ஆம்ப் மூன்று, எக்கோவுக்கான பிடி 2399 ஒன்று. பிடி 2399 கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதை வைத்து நல்ல டிலே பெடல் (சத்தத்தை எதிரொலி போலத் திரும்பத் தருவது) கட்டலாம். டேப் டெக்கிலும் 4558 இருந்தது. ஸ்டெபிலைசர்களில் 741, எல்எம் 324 என்ற ஆப்-ஆம்ப்கள். ஆமாம், வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக் டக் என்று ரிலே அடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் கிட்டார் உலகம் கொண்டாடும் 741 இருக்கிறது. அங்கே அது கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை செய்கிறது.

இரும்புக்கடையில் விசிடி பிளேயர்களும் குவிந்து கிடந்தன. அவற்றின் ஆடியோ வெளிவரும் முனையிலும் 4558 இருக்கும். அவற்றைத் திறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதன் பவர் சப்ளையில் 230 வோல்ட்டை நேரடியாக டிசியாக்கி, 320 வோல்ட்டுக்கு மேல் ஒரு கெபாசிட்டரில் தேக்கி வைத்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நிற்கும். கழுவிய ஒரு பிளேயர் ஓடுகிறதா என்று செருகிப் பார்த்துவிட்டு, உடனே போர்டைத் தூக்கினேன். தோள்பட்டை வரை சுண்டி இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து, கெபாசிட்டரின் இரு கால்களிலும் சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்தான் கை வைக்கிறேன். பழைய பிக்சர் டியூப் டிவியை நான் திறப்பதே இல்லை. அதில் கிடைக்கும் ஒரு ஐசிக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

கழற்றும்போது அவசரம் கூடாது. 25 வாட் அயர்ன் போதும். பழைய ஈயம் எளிதில் இளகாது, அதன் மேல் கொஞ்சம் புது ஈயத்தையும் ஃபிளக்ஸையும் சேர்த்தால் உடனே இளகும், பிறகு சக்கரால் உறிஞ்சலாம். ஒரு காலை முடித்தால் அடுத்த காலுக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள், சூடு ஒரே இடத்தில் சேராது. கழற்றிய ஐசியைத் திரும்ப நேராகப் போர்டில் பற்றவைக்கவே கூடாது. இரண்டு மூன்று ரூபாய் ஐசி பேஸ் ஒன்றைப் பற்றவைத்து, அதில் செருகுங்கள். பழைய சில்லுக்கு இரண்டாம் முறை சூடு காட்டாமல் இருப்பதோடு, ஐசியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கவும் அதுதான் வழி.

ஐசியின் முதுகில் நாலு இலக்கம் இருந்தால் அது பெரும்பாலும் தயாரித்த தேதி. முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். ஒரு ஸ்டெபிலைசரில் கிடைத்த 741இல் 8714 என்று இருந்தது. 1987ஆம் வருஷம், 14ஆவது வாரம். நான் பிறந்த அதே வருஷம். அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சோதிக்காமல் எதையும் பெடலில் போடாதீர்கள். பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் 9 வோல்ட் பேட்டரி. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அதைப் பாதியாக்கி 4.5 வோல்ட்டை 741இன் 3ஆவது காலில் கொடுங்கள். 2ஆவது காலையும் 6ஆவது காலையும் இணையுங்கள். 7இல் பிளஸ், 4இல் மைனஸ். 6ஆவது காலிலும் 4.5 வோல்ட் வந்தால் ஐசி உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு 1 வோல்ட்டிலோ 8 வோல்ட்டிலோ நின்றால் போய்விட்டது. பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட்டையும் பாருங்கள். பாதியாக்கும் ரெசிஸ்டர்கள் அரை மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அதைக் கழித்தால் 741க்கு 2 மில்லி ஆம்பியருக்குள் வர வேண்டும், 3க்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள்.

இதில் தேறினாலும் போதாது, காதால் கேட்க வேண்டும். பழைய 741களுக்கு ஒரு வியாதி உண்டு. சில்லின் படிகத்தில் இருக்கும் குறைகளால், அழுக்கால், வெளியே வரும் வோல்டேஜ் திடீர் திடீரென்று ஒரு படி ஏறி இறங்கும். ஆம்ப்பில் கேட்டால் சட்டியில் சோளம் பொரிவது மாதிரி இருக்கும். மீட்டரில் தெரியாது. பெருக்கும் சர்க்கியூட்டில் ஐசியைச் செருகி, கெயினை (பெருக்கும் அளவை) முழுசாகத் திறந்து, உள்ளே வரும் முனையை கிரவுண்டோடு இணைத்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ஒரே சீரான இரைச்சல் என்றால் சரி. இடையிடையே பொரிந்தால் அந்த ஐசியை ஸ்டெபிலைசருக்கே விட்டுவிடுங்கள். எனக்குக் கிடைத்த பதினோரு 741இல் மூன்று பொரிந்தன. அந்த 8714 பொரியவில்லை.

அதை வைத்துத்தான் முதல் பெடலைக் கட்டினேன். சத்தத்தைக் கரகரக்க வைக்கும், 1970களில் வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலின் வழி. ஒரே ஒரு 741, அதன் பின்னால் கிரவுண்டுக்கு எதிரும் புதிருமாக இரண்டு டயோடு, அவ்வளவுதான். டயோடு ஜெர்மேனியமாக இருந்தால் 0.3 வோல்ட் வாக்கிலேயே அலையின் தலையை அமுக்கிவிடும், சிலிக்கான் என்றால் 0.6 வரை விடும். ஜெர்மேனியத்துக்கு நான் அலையவில்லை. அண்ணாச்சியின் பழைய ரேடியோ ஒன்றில் ஓஏ 79 இருந்தது. இன்னொன்று இரும்புக்கடையில் கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சர்க்கியூட்டில் பழைய ஐசிக்கு வித்தியாசம் தெரிகிறதா? தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. காரணம் பழமை இல்லை, வேகம்.

741ஐ ஃபேர்சைல்டு நிறுவனம் 1968இல் வெளியிட்டது, வடிவமைத்தவர் டேவ் ஃபுல்லகர். அதற்கு முன்னால் வந்த ஆப்-ஆம்ப்களுக்கு வெளியே கெபாசிட்டர் வைத்தால்தான் ஊளையிடாமல் நிற்கும். அவர் அந்த 30 பிக்கோ பாரட் கெபாசிட்டரைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டார். அதனால்தான் யாரும் எளிதில் கையாளும் ஐசியாக அது பரவியது. அந்தக் கெபாசிட்டர்தான் அதன் வேகத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. எத்தனை மடங்கு பெருக்குகிறோமோ, மேல் ஸ்வரங்களை அத்தனைக்குக் குறைவாகவே விடும். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 10 லட்சம் ஹெர்ட்ஸ் வாக்கில் நிற்கும். இந்தப் பெடலில் கெயினை முழுசாகத் திறந்தால், 1 மெகா ஓமை 4.7 கிலோ ஓமால் வகுத்த கணக்கில் 213 மடங்கு. 10 லட்சத்தை 213ஆல் வகுத்தால் 4,700 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பதெல்லாம் மெல்ல மெல்ல அடங்கிவிடும். கேட்பவருக்கு அது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. அதே பேஸில் டிஎல் 071 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப்பைச் செருகினேன், கால் வரிசை 741க்கு அதேதான். அது மூன்று மடங்கு வேகம், 14,000 ஹெர்ட்ஸ் வரை விடுகிறது. சத்தத்தின் ஓரம் கூராகி, பெரிய ஆம்ப்பில் காதைக் கீறுகிறது.

ஆக, 1987இல் செய்த 741தான் வேண்டும் என்பதில்லை. கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் புது 741ஐப் போட்டேன், 8714க்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் இல்லை. எனக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த ஐசி மேல் எனக்கு அத்தனை பிரியம். ஆனாலும் காசைக் கொட்டிப் பழையதைத் தேடுகிற பையன்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

4558 கதை இன்னும் தெளிவானது. ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலில் (சத்தத்தை மிதமாகக் கரகரக்க வைப்பது) ஜேஆர்சி 4558டி இருந்ததால், அந்த எழுத்து அச்சடித்த ஐசிக்கு ஏகப்பட்ட மவுசு. எக்கோ மிக்சரின் 4558ஐ வைத்து அந்த வழியில் ஒரு ஓவர்டிரைவ் கட்டினேன். டிஎல் 071 இரண்டைச் சேர்த்த டிஎல் 072, 4558 இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றுதான், மாற்றி மாற்றிச் செருகலாம். தங்கச்சி மகனைக் கூப்பிட்டு, நான் பார்க்காதபடி ஐசியை மாற்றிவிட்டுப் போர்டை அட்டையால் மூடச் சொன்னேன். ஒரே மெட்டைப் பத்துத் தடவை வாசித்து, எது எந்த ஐசி என்று எழுதினேன். ஐந்து சரி, ஐந்து தப்பு. கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலும் அவ்வளவு வந்திருக்கும். அடுத்து 741 பெடலில் 741, டிஎல் 071 என்று அதே சோதனை. பத்தில் ஒன்பது சரி.

ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். டியூப் ஸ்கிரீமர் வழியில் அதிகபட்சப் பெருக்கம் 118 மடங்கு. 4558இன் வேகக் கணக்கான 30 லட்சம் ஹெர்ட்ஸை அதால் வகுத்தால் 25,000 ஹெர்ட்ஸ் வரை அது தாங்கும். ஆனால் அந்தச் சர்க்கியூட்டில் 51 பிக்கோ பாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. டிரைவை (இந்தப் பெடலில் கெயினுக்கு அந்தப் பெயர்) முழுசாகத் திறந்தால் அது 5,700 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே கதவைச் சாத்திவிடுகிறது. ஐசியின் வேகம் எவ்வளவாக இருந்தால் என்ன? அது அங்கே வெளியே வரவே வழியில்லை. அதனால் ஒரு பெடலில் ஐசியை மாற்றும் முன்னால், எத்தனை மடங்கு பெருக்கம், வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஐசியா கெபாசிட்டரா என்று இந்த இரண்டு வகுத்தல் கணக்கைப் போடுங்கள். புரோகோ ராட் பெடலில் எல்எம் 308க்கு மதிப்பு இருப்பதும் இதே கணக்கால்தான். அங்கே பெருக்கம் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டுகிறது, அந்த மந்தமான ஐசி திணறுவதுதான் அதன் குரலே.

நான் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். 741, 4558 இரண்டுக்கும் எட்டுக் கால். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 741 பேஸில் 4558ஐச் செருகிவிட்டேன். 741க்கு பிளஸ் வரும் 7ஆவது கால், 4558க்கு வெளியே போகும் கால். அதன் பிளஸ் 8ஆவது கால். அண்ணாச்சி மிக்சரின் ஒரு நல்ல 4558 அப்படிப் போய்ச் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு பேஸுக்குப் பக்கத்திலும் ஐசி எண்ணைப் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது, மவுசுக்கு மயங்கி ஆன்லைனில் பழைய ஜேஆர்சி 4558டி பத்து வாங்கினேன். பத்தும் பளபளவென்று, பத்துக்கும் ஒரே தேதி. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது எழுத்தோடு கறுப்புப் பூச்சும் வந்தது, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள். வேறு ஏதோ ஐசியின் முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். எழுத்து மட்டும் அழிந்தால் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம், நிஜமான பழைய ஐசியிலும் மை அழியும். பூச்சும் கோடும்தான் அடையாளம். பழையது வேண்டுமென்றால் அது பிறந்த போர்டிலிருந்து நீங்களே கழற்றுங்கள். அதைவிட நம்பகமான சான்று கிடையாது.

பெட்டி விஷயம். முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். கொடைப் பந்தலில் சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் சுற்றி இருக்க, பெடல் பாட்டைவிடச் சத்தமாக ம்ம்ம் என்று முனகியது. சுவருக்குள் பதிக்கும் இரும்பு சுவிட்ச் பாக்ஸுக்கு மாற்றி, பெட்டியை கிரவுண்டோடு இணைத்த பிறகு அடங்கியது. பவர் வரும் இடத்தில் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 1என் 4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். யாராவது அடாப்டரை மாற்றிச் செருகினாலும் ஐசி பிழைக்கும். மேடையில் நான் பேட்டரிதான். ஒரு 741 இழுக்கும் கரண்ட்டுக்கு ஒரு கொடை சீசன் முழுக்க வரும்.

அடுத்த ஆடியில் சீவலப்பேரி பக்கம் ஒரு அம்மன் கொடை. செட் எங்கள் அண்ணாச்சியுடையதுதான், கடன் வாங்கிப் புதிதாக இறக்கியது. இரண்டாம் பாட்டின் இடையிசையில் பெடலை மிதித்தேன். பாட்டு முடிந்ததும் மிக்சருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"அது என்னல சத்தம், நல்லாருக்கே?"

"ஒங்க ஸ்டெபிலைசர் அண்ணாச்சி."

குனிந்து பெட்டியைப் பார்த்தார். திறக்கச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், இரண்டு பாட்டுக்கு இடையே, ஸ்குரூவைக் கழற்றி 8714ஐக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது பேட்டைல ஒரு கல்யாணத்துக்குப் போறப்போ வாங்குன ஸ்டெபிலைசர்" என்றார். அப்புறம் பாட்டுக்காரர் மைக்கில் கூப்பிட, மூடியைப் பூட்ட நேரமில்லாமல் அப்படியே அடுத்த பாட்டுக்குப் போனோம்.